பரஸ்தானப் பை

விமானம் என்ற ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திராத டோரதி மிஸ், விமானத்தை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மைசூர்க்காரர்களுக்கு ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் வழி தவறியதாகக் கேள்வியில்லை.

மண்டி மொஹல்லாவில் ஒரு மஞ்சள் மண்டிக்கும் பாத்திரக் கடைக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு நின்றது மஞ்சு டிராவல்ஸ். முதலாளி மஞ்சுநாத் பாதி நாள் பெங்களூரில் இருப்பார், மீதி நாள் போனில் இருப்பார். ஆக, ஆபீஸ் என்றால் டோரதி மிஸ்தான். ஒரு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன், சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்திலேயே வேன் ஏஜெண்டு கொடுத்த ஸ்ரீனிவாசர் காலண்டர். ஆரம்பத்தில் திருப்பதி, ஊட்டி, மாதேஸ்வரன் மலை என்று வேன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டுக்குப் பிறகு கையில் நாலு காசு புரண்ட வீடுகளில் கல்யாணமான ஜோடிகளுக்கு ஊட்டி கசந்துபோயிற்று. லட்சத்தீவு வேண்டும் என்றார்கள்.

வழி சுலபமானதல்ல. கொச்சியில் சின்ன விமானம் ஏறி அகத்தித் தீவில் இறங்க வேண்டும். அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் பங்காரம் என்ற குட்டித் தீவு, அதில் ஓலை வேய்ந்த குடில்கள். இதற்கெல்லாம் முன்னால் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் கொச்சியிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

டோரதி மிஸ் இதற்கென்று ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தார். திரும்பி வந்த ஜோடிகள் மைசூர்பாக்கோடு நன்றி சொல்ல வருவார்கள். மைசூர்பாக்கை ஓரமாக வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பிப்பார். இறங்கினதும் படகுத்துறை எந்தக் கைப் பக்கம்? எத்தனை நிமிஷ நடை? படகுக்காரர் பெயர் என்ன? பெரும்பாலான மாப்பிள்ளைகளுக்குப் பெண்டாட்டி கட்டியிருந்த புடவையின் நிறத்தைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இருக்காது. பெண்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத்தான் அந்தத் தாள் நாலு பக்கத்துக்கு வளர்ந்திருந்தது. ‘கரையிலிருந்து முப்பதடி தள்ளியே படகு நின்றுவிடும். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். பட்டுப்புடவை ஆகாது. கொலுசைக் கழற்றிக் கைப்பையில் போடவும்.’ இப்படி.

அதில் இன்னொரு விசேஷமும் இருந்தது. போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள். ராகுகாலத்தில் படகில் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு பெண் அகத்திக் கரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கிழமைக்குக் கிழமை ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்தே டிக்கெட் போட்டார். பூசைக்குப் போகிற கிறிஸ்தவப் பெண்மணிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சர்ச் சாமியாரிடம் ஒருமுறை சொன்னாராம். அது தொழில்தானே அம்மா, போ என்றாராம் அவர்.

நேரம் எப்படியும் ஒத்துவராமல் போனால் அதற்கும் வழி உண்டு. பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், பயணத்துக்கு வேண்டிய பொருள் எதையாவது ஒரு பையில் போட்டுப் போகிற வழியில் இன்னொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நேரத்தில் வேண்டுமானாலும் புறப்பட்டு, வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, அந்தப் பை வீடு திரும்பக் கூடாது. போகிறவர்கள்தான் அதை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். மஞ்சு டிராவல்ஸில் இதற்கென்றே ஒரு மர அலமாரித் தட்டு இருந்தது. பையில் மஞ்சளும் அரிசியும் மட்டும் போதாது, இது இல்லாமல் நகரவே முடியாது என்கிற பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்பது டோரதி மிஸ் தாமாகவே போட்ட சட்டம். அனுமதிச் சீட்டு உறையை நீட்டி, “இதையே வெச்சிருங்க” என்பார்.

தொண்ணூற்று நாலு அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து மஞ்சள் மண்டி பாக்கியலட்சுமி அம்மாள் பரஸ்தானம் வைக்க வந்தார். கூடவே மருமகள் ஸ்ரீதேவி. மகன் முரளிதரனுக்கும் அவளுக்கும் ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வியாழன் காலை ஆறு மணிக்கு டாக்சியில் கொச்சி, வெள்ளி காலை விமானம். வியாழன் ஆறு மணி எமகண்டம், போதாக்குறைக்குத் தெற்கே சூலம் வேறு.

பாக்கியலட்சுமி கொள்ளேகால் பக்கத்துக்காரர். குரலைத் தணித்துப் பேசத் தெரியாது.

“ஏனுங்க மிஸ், இவ வீட்டுக்குள்ள கால் வெச்ச வாரமே லாரி அச்சு முறிஞ்சுதுங்க. அதுக்கு அடுத்த வாரம் எம்பட பெரியவன் படியில வழுக்கிக் கால ஒடச்சுக்கிட்டான். நான் ஒண்ணும் சொல்லலீங்க. இந்தப் பயணம் நல்லபடியா முடியட்டும், அப்பறம் நான் வாயே தெறக்க மாட்டேன். பாதியில திரும்பி வந்தாங்கன்னா, இவ காலு எப்படிப்பட்ட காலுன்னு எனக்குத் தெரிஞ்சு போயிருமுங்க.”

ஸ்ரீதேவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்து இரண்டு வயது, பி.காம். தன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

டோரதி மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. இருபத்து மூன்று வயதில் அவர் வாழ்க்கைப்பட்டுப் போன எட்டாம் மாதம் கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும்போது மாமியார் இதே வார்த்தையைத்தான் சொன்னார். கிறிஸ்தவ வீட்டில் ராகுகாலம் கிடையாது. மருமகள் காலுக்கு ராசி பார்க்க மட்டும் எந்த வேதமும் தடை சொல்வதில்லை. அன்றைக்கு அப்பா மதலைமுத்து வீட்டுக்கு வந்தவர்தான், மறுபடி போகவில்லை. ஆபீசில் எல்லோரும் மிஸ் என்று கூப்பிட, அந்தப் பெயரே நின்றுவிட்டது.

“எங்கிட்ட வெச்ச பரஸ்தானம் பாதியில திரும்பினதே இல்லம்மா” என்றார் மிஸ். பையை வாங்கி அனுமதிச் சீட்டு உறையை அடியில் செருகினார். பாக்கியலட்சுமி தன் கையாலேயே பையின் பிடியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

பையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது கல்யாணத் தாம்பூலப் பை. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில் ‘ஸ்ரீதேவி – முரளிதரன்’ என்று போட்டிருக்கும். கல்யாணத்துக்கு வந்த எண்ணூறு பேருக்கும் அதில்தான் தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். துணி கெட்டித் துணி. மண்டி மொஹல்லாவில் பாதிப் பேர் அதில்தான் காய்கறி வாங்கினார்கள். டோரதி மிஸ் அதில்தான் மதியச் சாப்பாடும் குடையும் கொண்டுவந்தார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, தன் சாப்பாட்டுப் பையை வழக்கம்போல அலமாரித் தட்டில் வைத்தார். டாக்சி வந்தது. ஸ்ரீதேவியை உட்கார வைத்து நாலு பக்கத்தையும் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், பத்து இருபதுக்குள் படகில் கால் வைத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். முரளிதரன் அதற்குள் தட்டிலிருந்து தன் பெயர் போட்ட பையை எடுத்து வண்டியில் வைத்தான். தன் பெயர் எழுதிய பையைத் தூக்குகிறவனை யார் என்ன கேட்பார்கள்? டாக்சி கிளம்பிப் போயிற்று.

மதியம் ஒரு மணிக்கு டோரதி மிஸ் கைகழுவிவிட்டு வந்து பைக்குள் கைவிட்டார். டிபன் டப்பா வரவில்லை. பட்டு வேட்டி வந்தது. அதற்குக் கீழே மஞ்சள் தடவிய அரிசி, அதற்கும் கீழே உறை. அப்போதுதான் பிடியில் இருந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. 

முதலாளி பெங்களூரில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என்ன செய்வது என்று தெரியாமல் உறையையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோழிக்கோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஸ்ரீதேவி.

“மிஸ், உங்க லெமன் ரைஸ் எங்ககிட்ட இருக்கு.”

“உங்க பர்மிட் எங்கிட்ட இருக்கும்மா.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “இவர் வண்டியத் திருப்புன்னு சொல்றார் மிஸ். நான்தான் பேடா, வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன். திரும்பினா அவ்வளவுதான். வாழ்க்கை பூரா சொல்லிக் காட்டுவாங்க. அத்தைக்கு கொத்தாகவே கூடாது மிஸ்.”

தெரியவே கூடாது என்கிறாள். டோரதி மிஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

“நீங்க மேல போங்க. நாளைக்குக் காலையில ஆறரைக்கு ஏர்போர்ட் வாசல்ல நில்லுங்க. நான் கொண்டு வர்றேன். யாருக்கும் தெரியாது.”

“நீங்களா? ஏர்போர்ட் வழி தெரியுமா மிஸ்?”

“என் தாள்லயே இருக்கு” என்று போனை வைத்தார்.

ஒரு அட்டையில் ‘நாளை வரை விடுமுறை’ என்று எழுதி ஷட்டரில் ஒட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் ஒட்டிய முதல் அட்டை அது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், மஞ்சள் மண்டி வாசலில் பாக்கியலட்சுமி உட்கார்ந்து மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு வேறு வழி கிடையாது.

“ஏனுங்க மிஸ், இந்நேரத்துல கடையச் சாத்திட்டு எங்கீங்க?”

“வேளாங்கண்ணிக்கும்மா. திடீர்னு ஒரு வேண்டுதல்.”

பொய் தன்னால் வந்துவிட்டது. பையின் பிடியை உள்ளங்கைக்குள் இறுக்கி மஞ்சள் கயிறு வெளியே தெரியாமல் மூடிக்கொண்டார். பாக்கியலட்சுமியின் கண் பைமேல் விழுந்தது. 

“துணி நல்ல துணி இல்லீங்களா? சேலத்துல சொல்லி வெச்சுத் தெச்சதுங்க” என்றார் பாக்கியலட்சுமி. “எங்க ஸ்ரீதேவிக்கும் சேத்து வேண்டிக்குங்க.”

“அவளுக்காகத்தாம்மா போறேன்” என்றார் மிஸ். அது மட்டும் பொய்யில்லை.

இரண்டு மணி பஸ்ஸில் கோழிக்கோடு, அங்கே வேறு பஸ் மாறி எர்ணாகுளம். வழியெல்லாம் பையை மடியை விட்டு இறக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் இறங்கி, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். கொச்சி விமான நிலையமே அப்போது ஒரு தீவில்தான் இருந்தது. பாலத்தைக் கடந்து ஆட்டோ திரும்பியதும், ‘பாலம் தாண்டி வலப்பக்கம்’ என்று தன் தாளில் எழுதியிருந்தது சரிதான் என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு திருப்தி.

வாசலில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்ரீதேவி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கண்கள் வீங்கியிருந்தன, முந்தின நாள் முழுக்க அழுதிருப்பாள். டோரதி மிஸ்ஸுக்கும் அழுகை வந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை, வந்தது. முரளிதரன் என்ன செய்வதென்று தெரியாமல், “மிஸ், காபி?” என்றான்.

“காபி இருக்கட்டும். மொதல்ல பையத் தெறந்து பாரு” என்றார் மிஸ்.

திறந்து பார்த்தான். உறை இருந்தது. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தன் டிபன் டப்பாவைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே டோரதி மிஸ்ஸுக்கு வரவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். எடை போடும் மேடை, தாளில் எழுதியிருந்தபடி இடப்பக்கம்தான் இருந்தது. பிறகு வேலி ஓரமாகப் போய் நின்றார். விமானம் நகர்ந்து வந்தது. அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எந்த மாப்பிள்ளையும் அவரிடம் சொன்னதில்லை. மைசூர் வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. தெரிந்திருந்தால் இத்தனை பேரைத் தைரியமாக ஏற்றி அனுப்பியிருக்க மாட்டார். அது மேலே ஏறிக் கடல் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ் ஏற நடந்தார். உள்ளே போகலாமே, போய்ப் பார்க்கலாமே என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. அவர் வேலை வாசல் வரைக்கும்தான் என்று அவருக்கு நினைப்பு.

சனிக்கிழமை மஞ்சுநாத் வந்து சேர்ந்தார். இரண்டு பார்ட்டி வந்து பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர் நல்லவர், ஆனால் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது.

“எல்லி ஹோகித்ரி மிஸ்? சொல்லாம கொள்ளாம?”

“வேளாங்கண்ணிக்கு சார்.”

“பிரசாதம் எல்லி?”

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் மஞ்சுநாத்துக்குத் தெரிந்தால் அவர் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் மாலைக்குள் மஞ்சள் மண்டிக்குத் தெரிந்துவிடும்.  ‘அனுமதியின்றி ஒன்றரை நாள்’ என்று வருகைப் பதிவில் சிவப்பு மையில் எழுதினார் முதலாளி. பதினோரு வருஷம் சுத்தமாக இருந்த பதிவு. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிவப்பு எழுத்து மிஸ்ஸின் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த புதன்கிழமை பாக்கியலட்சுமி தட்டு நிறைய இனிப்போடு வந்தார்.

“ஒரு தடங்கல் இல்லீங்க மிஸ். டாண்ணு போனாங்க, டாண்ணு வந்துட்டாங்க. லாரி அச்சு பழைய அச்சு, முறியத்தான் செய்யும். பெரியவன் குடிச்சுப்போட்டு வழுக்கினான், அதுக்கு இவ என்ன பண்ணுவா? எம் மருமக கால் நல்ல கால்தானுங்க.”

“நல்ல கால்தாம்மா” என்றார் டோரதி மிஸ்.

“எல்லாம் பரஸ்தானம் பண்ணின வேலை. நீங்க என்ன வேளாங்கண்ணி வரைக்கும் போய் அலைஞ்சுபோட்டு வந்தீங்க, பாவம்.”

மிஸ் ஒரு மைசூர்பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்ரீதேவி தனியாக வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அகத்தியில் வாங்கிய தேங்காய் வெல்ல உருண்டைகளால் நிரப்பியிருந்தாள். மிஸ் வழக்கம்போல டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுத் தாளை எடுத்தார்.

“தண்ணி எவ்வளவு ஆழம்மா?”

“முழங்காலுக்குக் கொஞ்சம் மேல மிஸ். எல்லாம் நீங்க எழுதினபடியே இருந்துச்சு.”

மிஸ் திருத்திக்கொண்டார். பிறகு டப்பாவைப் பார்த்தார். “பை எங்கம்மா? மத்தியானச் சோத்துக்கு அந்தப் பைதான் வாகா இருந்துச்சு.”



“கொண்டு வரல மிஸ். அந்தப் படகுக்காரர், நீங்க பேர் எழுதியிருந்தீங்களே, அவர்கிட்ட கொடுத்திருக்கேன். அவர் படகுத்துறைக் கொட்டகையில ஆணியில மாட்டி வெச்சிருக்கார். உங்க குடையும் அதுலதான் இருக்கு.”

“ஏம்மா?”

“வியாழக்கிழமை காலையில உங்க பை எங்க கூடக் கிளம்பிடுச்சே மிஸ். அப்ப நீங்களும் கிளம்பின மாதிரிதானே? பரஸ்தானம் வெச்ச பை வீட்டுக்குத் திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. நீங்க போய்த்தான் எடுத்துக்கணும்.”

சொல்லிவிட்டு, அத்தை வருவதற்குள் போக வேண்டும் என்று ஓடிவிட்டாள்.

 சின்னப் பெண்ணின் துடுக்குத்தனம் என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் டோரதி மிஸ் நினைத்தார். அடுத்த வாரம் போகிற ஜோடிக்கு அனுமதி விண்ணப்பம் அடிக்க வேண்டியிருந்தது. டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். டைப்ரைட்டரில் மாட்டினார். பெயர் என்ற இடத்தில் டோரதி மதலைமுத்து என்று அடித்திருந்ததை அடித்து முடித்த பிறகுதான் கவனித்தார். படிவத்தை உருவிக் கிழித்துப் போடவில்லை. வயது, நாற்பத்தேழு. முகவரி, லஷ்கர் மொஹல்லா, மைசூர். துணை வருபவர், யாருமில்லை.

பயணத்தின் நோக்கம் என்ற வரி வந்தது. ஆறு வருஷமாக அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘சுற்றுலா’ என்று அடித்து அடித்துக் கை பழகியிருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அலமாரித் தட்டு காலியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்: ‘வைத்த பையை எடுப்பதற்கு.’